சுகாதார நிலைய இயந்திரம் நோயாளியை எப்போது சிரிக்க வைக்கலாம்? (காசிமேட்டுக் கதைக்கான விவாத இழை)

கடல்காத்து

கதை நடக்கும் இடம் வடசென்னை மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். வருஷம் 2047, மே மாதம். இரவு ஷிப்ட்டில் டாக்டர் கிடையாது. ஒரு செவிலியரும் ‘மேகலை’ என்கிற செயற்கை நுண்ணறிவு இயந்திரமும் மட்டும். மேகலைக்கு இரண்டு கை, ஒரு திரை, ஒரு குரல். விடியற்காலை நாலரை மணிக்கு விசைப்படகில் இருந்து இறங்கிய ஒருவர், ஐம்பது வயசு, கெளுத்தி முள் குத்திய கையோடு வருகிறார். கூட இரண்டு பேர்.

மேகலை நோயாளியிடம் பேசும் விதத்தில் நகைச்சுவை இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் எழுத எழுத வசனம் டிவி காமெடி நிகழ்ச்சிப் பக்கம் போகிறது, இல்லாவிட்டால் நோயாளியை மட்டம் தட்டுவதில் முடிகிறது. மருத்துவம் தெரிந்தவர்கள், குரல் மென்பொருள் தெரிந்தவர்கள், அறிவியல் புனைகதை படிப்பவர்கள் எல்லாரும் சொல்லுங்கள். எந்த நேரத்தில், யாரைப் பற்றிய சிரிப்பு, யார் முதலில் ஆரம்பிப்பது?

ஊசிநூல்

முதலில் வைத்தியத்தைச் சரியான வரிசையில் எழுதிவிடுங்கள். சிரிப்புக்கான இடம் தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், பக்கத் துடுப்புகளில் ஆளுக்கொன்று. முள்ளின் ஓரத்தில் பற்கள் இருக்கும். மேலே ஒரு தோலுறை, அதில் விஷச் சுரப்பி. குத்தும்போது உறை கிழிந்து விஷம் காயத்துக்குள் இறங்குகிறது. சில சமயம் முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். அந்த விஷம் புரதம், சூட்டில் செயலிழந்துவிடும். அதனால் முதல் வைத்தியம் வெந்நீர்தான். 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், தாங்குகிற சூட்டில், 30 முதல் 90 நிமிடம் வரை கை தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

மேகலை செய்ய வேண்டிய வரிசை இது. மூச்சு, உதடு, முகவீக்கம், தலைசுற்றல் பார்ப்பது முதல் வேலை. உடனே மோதிரத்தைக் கழற்ற வேண்டும், விரல் வீங்கிவிட்டால் அதை வெட்டித்தான் எடுக்க முடியும். பிறகு ஓடும் குழாய்த் தண்ணீரில் காயத்தைக் கழுவி, வெந்நீர்.

இங்கே நடக்கிற தப்புகள் இரண்டு. வலியில் துடிக்கிற கைக்குச் சூட்டின் அளவு தெரியாது, அதனால் நல்ல கையையும் அதே பேசினில் வைக்கச் சொல்ல வேண்டும். நல்ல கை ‘சுடுது’ என்றால் நிஜமாகவே சுடுகிறது என்று அர்த்தம். இரண்டாவது, மரத்துப்போக லிக்னோகைன் போட்டுவிட்டுக் கையை வெந்நீரில் வைப்பது. தோல் வெந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. மரக்கும் ஊசி போட்டாகிவிட்டதென்றால் சூட்டைத் தெர்மாமீட்டரைத் தவிர எதை வைத்தும் முடிவுசெய்யக் கூடாது.

பேசின் தண்ணீர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆறிவிடும். கையை வெளியே எடுக்கச் சொல்லி, சுடுதண்ணீர் சேர்த்துக் கலக்கி, அளந்து பார்த்து, மறுபடி வைக்கச் சொல்ல வேண்டும். கை உள்ளே இருக்கும்போது ஊற்றவே கூடாது.

அதற்குப் பிறகு எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி. துளைக்காயத்தைத் தையல் போட்டு மூடுவதில்லை. கடல்தண்ணீரில் இருக்கும் விப்ரியோ கிருமி உள்ளே அடைபட்டால் கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகும். அதனால் ‘குடிப்பழக்கம் உண்டா, மஞ்சக்காமாலை வந்திருக்கா, சர்க்கரை இருக்கா’ என்று கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்வியைக் கூட வந்தவர்கள் காதுபடக் கேட்கக் கூடாது, குரலில் சிரிப்பின் சாயலும் கூடாது. கூச்சப்பட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் மருந்து முடிவே தப்பாகிவிடும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் முழுக்க வேலை. பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நோயாளியும் இயந்திரமும் ஒரு பேசினின் இரண்டு பக்கத்தில் சும்மா இருக்கிறார்கள். உங்கள் நகைச்சுவைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வீடு.

மீன்பாடி

ஒரு விஷயம். ஏப்ரல் 15-லேந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். மே மாசம் விசைப்படகு கடலுக்குப் போகாது. கதையில ஃபைபர் போட்டுன்னு மாத்துங்க, இல்ல மாசத்த மாத்துங்க.

சிரிப்பப் பத்தி. காசிமேட்டுல கை குத்துப்பட்டவன் தனியா வரமாட்டான். கூட வர்றவன் வாசல்லயே ஆரம்பிச்சிடுவான்: “இன்னா மச்சான், நீ மீனப் புட்ச்சியா, மீனு உன்னியப் புட்ச்சிச்சா?” குத்துப்பட்டவன் வலியோட அவனத் திட்டுவான், திட்டும்போதே பாதி பயம் போயிடும். அந்த ஜோக்கச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கு. நாளைக்கு அவன் கையிலயும் குத்தும், அன்னிக்கு இவன் கேப்பான்.

அதே வரிய மேகலை சொன்னா அது ஜோக் இல்ல, அவமானம். அதுக்கு முள் குத்தாது. அதோட, வலிக்கு மருந்து அது கையில இருக்கு. மருந்து வெச்சிருக்கிறவங்க கிண்டல் பண்ணா திருப்பித் திட்ட முடியுமா? வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதனால மேகலை செய்ய வேண்டியது, கூட வந்தவன வெளிய அனுப்பாம பக்கத்துல உக்கார விடறது. “அண்ணா, நீங்க இந்தப் பக்கம் உக்காந்து பேசிக்கிட்டே இருங்க, அவரு கையை வெளிய எடுக்காம பாத்துக்கோங்க”னு வேலையும் குடுத்துடலாம். சிரிக்க வெக்கிறத அவன் பாத்துப்பான்.

இன்னொண்ணு, மேகலைய மெட்ராஸ் பாஷை பேச வெக்காதீங்க. சாதாரணப் பேச்சுத் தமிழ், ‘நீங்க’, ‘அண்ணா’, ‘அக்கா’, பெரியவங்களுக்கு ‘ஐயா’, ‘அம்மா’ போதும். வடசென்னைப் பேச்ச சினிமாவுல கேலிக்கு வெச்சு வெச்சு இங்க எல்லாருக்கும் அது உறுத்தும். வெளியில செஞ்ச மெஷினு நம்மள மாதிரியே பேசிக் காட்டுனா, நம்மள வெச்சு நடிக்குதுன்னுதான் தோணும்.

பழையஜெயில்ரோடு

இந்த வகைப் பாத்திரங்களில் கதாசிரியர்கள் எதைச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதில் இருந்து மூன்று எடுத்துக்காட்டுகள். மூன்றும் வேறு வேறு பொறியமைப்பு.

1995இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடரின் ஹாலோகிராம் மருத்துவர், அதாவது ஒளியால் ஆன உருவம். அவசரத்துக்குக் கொஞ்ச நேரம் உதவ எழுதப்பட்ட நிரல். கப்பலின் மருத்துவர் இறந்துபோனதால் முழுநேரப் பொறுப்பு அதன் தலையில் விழுகிறது. ஆரம்பத்தில் சிடுசிடுப்பு. சிரிப்பு நமக்கு வருகிறது, அங்கே படுத்திருக்கும் நோயாளிக்கு வருவதில்லை. நோயாளிகள் மேல் பொறுமை இல்லாத அந்த மருத்துவர், ஒரு கட்டத்தில் நோய் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகத் தனக்கே 29 மணி நேரக் காய்ச்சலை நிரலாக எழுதிக்கொள்கிறார். அவர் உதவியாளர் கெஸ் அந்த நேரத்தை அவருக்குத் தெரியாமல் நீட்டிவிடுகிறார். முடிய வேண்டிய நேரத்தில் முடியவில்லை என்றதும் அவர் பதறிப்போகிறார். நோயாளியின் பயத்தில் பெரும்பகுதி ‘இது எப்ப முடியும்’ என்பது தெரியாததில் இருக்கிறது என்று அந்தக் காட்சி ஒரு சொல் உபதேசம் இல்லாமல் காட்டிவிடுகிறது. உங்கள் மேகலை ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் “இன்னும் நாப்பது நிமிஷம், இன்னும் இருபத்தஞ்சு” என்று சொன்னாலே பாதிக் கனிவு வந்துவிடும்.

2014இல் வந்த ‘பிக் ஹீரோ 6’ படத்தில் வரும் மருத்துவ ரோபோ பேமேக்ஸ். வலிச் சத்தம் கேட்டால் எழும், 1 முதல் 10-க்குள் வலி எவ்வளவு என்று கேட்கும், சிகிச்சையில் திருப்தி என்று நோயாளி சொன்னால்தான் அணையும். பேமேக்ஸ் ஜோக் சொல்வதே இல்லை. எல்லாவற்றையும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறது, வேலையை விடாப்பிடியாகச் செய்கிறது, சிரிப்பு அதிலிருந்து கசிகிறது. யாரையும் புண்படுத்தாத வகை இது. ஆனால் நேர்ப்பொருள் விளையாட்டை நிஜ மருத்துவ அறையில் நீட்டினால் ஆபத்து. நோயாளி ‘செத்துடலாம் போல இருக்கு’ என்று சொன்னால் மேகலை அதை நேர்ப்பொருளில் எடுப்பதா வேண்டாமா என்பதைச் சிரிப்புக்காக முடிவுசெய்யக் கூடாது. “அப்படி நினைக்கிற அளவுக்கு வலிக்குதா, இல்ல வேற ஏதாவது மனசுல இருக்கா?” என்று அமைதியாகக் கேட்க வேண்டும்.

அதே 2014இல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்தின் டார்ஸ் மருத்துவ இயந்திரம் அல்ல. ஆனால் நகைச்சுவையை 75 சதவீதம் என்று திருகி வைக்கும் யோசனை அதிலிருந்துதான் எல்லாருடைய கதைக்குள்ளும் வந்துவிட்டது. உங்கள் கதையில் அதைத் தவிர்க்கச் சொல்வேன். விண்கலத்தில் திருகுபவர் அதை ஓட்டும் விமானி. சுகாதார நிலையத்தில் அந்தத் திருகை யார் வைத்திருப்பார்? நிர்வாகமா, செவிலியரா, வலியில் இருப்பவரா? 40 சதவீதம் வைத்தாலும் அந்த 40 தப்பான நிமிடத்தில் வந்து விழுந்தால் என்ன செய்வது? நகைச்சுவைக்கு அளவுகோல் பொருந்தாது, அனுமதிதான் பொருந்தும். நோயாளி முதலில் கதவைத் திறக்க வேண்டும்.

அலைவரிசை

அனுமதி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே தவறும் என்பது என் பக்கம்.

மனிதப் பேச்சில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, 200 மில்லிவினாடி அளவு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்விலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பல குரல் இயந்திரங்கள், எதிராளி பேசி முடித்துவிட்டாரா என்று உறுதி செய்யவே அரை வினாடிக்கு மேல் மௌனத்தைக் காத்திருக்கும். அதற்குப் பிறகு புரிந்துகொள்வது, பதில் அமைப்பது, ஒலியாக்குவது. பட்டென்று பதிலடி கொடுக்கிற நகைச்சுவை ஒன்றரை வினாடி தாமதித்தால் செத்துவிடும். அதைவிட மோசம், அந்தத் தாமதம் ‘சொல்லலாமா வேண்டாமா’ என்ற தயக்கமாகக் காதில் விழும். 2047 என்பதால் வேகமான இயந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் வலியில் இருப்பவர் வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்காக நிறுத்துவார். அந்த நிறுத்தத்தை முடிவென்று எண்ணி வேகமான இயந்திரம் குறுக்கே பாயும். ஆகவே மேகலைக்குப் பதிலடி வேண்டாம். அவசரமில்லாத, யார் எப்போது கேட்டாலும் நிற்கிற வாக்கியங்களைக் கொடுங்கள்.

பெரிய கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சிரிப்பொலி என்பது வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து துடிப்பாக வரும் குரல் வெடிப்பு. விம்மலும் இருமலும் ஒலியளவில் அதற்குப் பக்கத்தில் வருகின்றன. முகத்தைக் கேமரா பார்க்கலாம், ஆனால் குனிந்து பேசினைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம் தெரியாது. வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும் இரைச்சல் வேறு. விம்மலைச் சிரிப்பென்று எடுத்துக்கொண்டு இன்னொரு ஜோக் சொல்கிற இயந்திரம், உங்கள் கதையில் வரக்கூடிய மிகக் கொடுமையான காட்சி. நம்பகமாக வரையவும் முடியும். அதைத் தடுக்கும் விதி எளிது: சந்தேகம் வந்தால் பேச்சை நிறுத்து, வலியின் அளவைக் கேள், பதில் வந்த பிறகே மேலே பேசு.

ஒலிபெருக்கியையும் மறந்துவிடாதீர்கள். அந்த அறையில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டில் இருக்கும். அங்கே யார் எந்த நிலையில் படுத்திருக்கிறார் என்று மேகலைக்குத் தெரியும், கையைத் தண்ணீரில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஒரு மீட்டருக்குமேல் கேட்காத குரல் அளவு, பக்கத்துக் கட்டிலில் மோசமான நிலை என்றால் சிரிப்பே கிடையாது.

கஞ்சித்தொட்டி

நகைச்சுவையே வேண்டாம் என்று சொல்ல வந்தேன். இழையைப் படித்தபின், ‘எங்கே கூடாது’ என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பட்டியல் ஆசையைவிட நீளமானது.

இரத்த அழுத்தம் பார்க்கும்போது கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பேசாமல் இருந்தால்தான் அளவு சரி. பேசினாலே மேல் அளவு 10 மி.மீ. கூட ஏறலாம். ஜோக் சொல்லிச் சிரிக்க வைத்து அளந்தால் இல்லாத ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எழுதுவோம். மூச்சை எண்ணும் அந்த முழு 60 வினாடியும் கூடாது. ஊசி உள்ளே இருக்கும்போது, முகத்தில் தையல் போடும்போது கூடாது. ஆஸ்துமாக்காரருக்குச் சிரிப்பே இழுப்பைக் கிளப்பும். விலா எலும்பு முறிந்தவர், வயிறு திறந்து அறுவை செய்தவர் சிரித்தால் உயிர் போகிற வலி வரும், அவர்கள் இருமும்போதுகூடத் தலையணையை வலிக்கிற இடத்தில் அணைத்துக்கொள்ளச் சொல்கிறோம். சிசேரியன் முடிந்து மூன்றாம் நாள் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை வார்டில் இருக்கும் பெண்ணைச் சிரிக்க வைப்பதாக யாராவது கதை எழுதினால், அந்த எழுத்தாளர் அவள் வயிற்றை நினைக்கவில்லை என்று அர்த்தம்.

கெட்ட செய்தி சொல்லும்போது கூடவே கூடாது. அதற்கு 2000இல் வெளியான ஆறு படி முறை ஒன்று இருக்கிறது. தனி இடம் அமைப்பது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்பது, எளிய சொல்லில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது, வரும் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி முடிப்பது. புனைகதை இயந்திரங்கள் முதல் மூன்றையும் தாண்டி நேராக நான்காவதில் குதிக்கின்றன. எழுத்தாளருக்குக் காட்சி வேகமாக ஓட வேண்டும், அதனால். ஐந்தாவது படியில் இயந்திரம் செய்ய வேண்டியது சும்மா இருப்பது. எழுதக் கஷ்டம்தான், ஆனால் எழுதுங்கள்.

நகைச்சுவை உண்மையில் மருந்தாக வேலை செய்கிற இடம் ஒன்று எனக்குத் தெரியும்: நோயாளி வீட்டுக்குப் போனபின் மறந்துவிடக் கூடாத செய்தி. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் வரும். சொல்லாமல் அனுப்பினால் ரத்தம் போகிறது என்று பயந்து ஆறு மாத மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். “நாளைக்குக் காலைல ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போகும், மாத்திரை உடம்புல சேர்ந்துடுச்சுன்னு எடுத்துக்கோங்க, வெள்ளைச் சட்டை மட்டும் போடாதீங்க, கறை படியும்” என்று சொன்னால் சிரிப்பார்கள், ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், வீட்டில் எல்லாருக்கும் சொல்வார்கள்.

கடல்காத்து

ஃபைபர் படகாக மாற்றிவிட்டேன். இரண்டு கேள்வி. மேகலை தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளலாமா? அது யாரையும் புண்படுத்தாதே. இன்னொன்று, ஒரே நோயாளி திரும்பத் திரும்ப வருகிற கிளைக்கதை இருக்கிறது. அச்சு இயந்திரத்தில் விரல் நசுங்கி, ஸ்டான்லி மருத்துவமனையில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தைத்துக்கொண்ட பெண். அவருடன் பேச்சு எப்படி மாற வேண்டும்?

ஊசிநூல்

முதல் கேள்விக்கு: வேலையைப் பற்றி ஒருபோதும் கூடாது. ‘எனக்கே சரியா தெரியல, பாப்போம்’ என்று மனிதச் செவிலியர் சொன்னால் முகத்தைப் பார்த்து விளையாட்டென்று தெரிந்துகொள்வார்கள். இயந்திரம் சொன்னால் பழுதாகிவிட்டது என்று நினைத்து எழுந்து போய்விடுவார்கள். குழந்தைகளுக்கான மருத்துவமனைக் கோமாளிகள் வேண்டுமென்றே தப்புச் செய்வார்கள், பொம்மையின் காலில் ஸ்டெதஸ்கோப் வைப்பார்கள், குழந்தை ‘அங்க இல்ல!’ என்று கத்தும். பெரியவருக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்குத் தெரியும் என்கிற பலம் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கிறது. மேகலையும் அதைச் செய்யலாம், பொம்மையோடு மட்டும். ஊசி, மருந்து, அளவு, பெயர் இந்த நான்கிலும் தப்பு போல நடிப்பதே தடை.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. ஸ்டான்லியில் கை அறுவைக்கென்றே 1971இல் ஆர். வெங்கடசாமி தொடங்கிய துறை இருக்கிறது, ஆகவே அந்தப் பெண் அங்கே போவது பொருத்தம். உள்ளங்கைப் பக்கத் தசைநாண் என்றால் தைத்தபின் ஏறத்தாழ ஆறு வாரம் ஸ்ப்ளிண்ட், அதாவது கையை அசையாமல் பிடிக்கும் கட்டை. முழுப் பலத்தோடு பிடிக்க, தூக்க 12 வாரம் ஆகும். நடுவில் தினமும் பல முறை, சொன்ன அளவு மட்டும் விரலை மடக்கி நீட்ட வேண்டும். அதிகம் செய்தால் தையல் அறுந்துவிடும், செய்யாமல் விட்டால் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. வலியைவிடச் சலிப்புதான் இங்கே எதிரி. மூன்றாவது வாரம் எல்லாருமே விட்டுவிடப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் இயந்திரத்தின் ஞாபகசக்திக்கு வேலை. அந்தப் பெண் முதல் வாரம் தன் நடுவிரலுக்கு ஏதோ பட்டப்பெயர் வைத்துத் திட்டியிருப்பார். மூன்றாவது வாரம் மேகலை அதே பெயரைச் சொல்லி “அவரு இன்னிக்கு எவ்வளவு மடங்கறாரு, பாக்கலாமா?” என்றால் போதும். ஜோக் அவருடையது, மேகலை அதைப் பத்திரமாக வைத்திருந்தது அவ்வளவுதான். ஆனால் வேறு நோயாளிகள் இருக்கும்போதோ வீட்டுக்காரர் கூட வந்திருக்கும்போதோ சொல்லக் கூடாது. அவர் தனியாக இருக்கையில் சொன்னதை இன்னொருவர் முன்னால் எடுத்துப் போடுவது ரகசியத்தை உடைப்பது.

பழையஜெயில்ரோடு

அந்தப் பெண் ஒரு நாள் சிரிக்காமல் இருக்கட்டும். வேலை போயிருக்கலாம். பட்டப்பெயர் விளையாட்டைத் தொடர்வதா, விடுவதா என்று மேகலை முடிவெடுக்கும் அந்த இரண்டு வினாடியை எழுதினால் பாத்திரத்துக்கு உயிர் வந்துவிடும்.

கடல்காத்து

பேசின் காட்சியை மாற்றி எழுதியது:

முப்பதாவது நிமிடம். வலி ஒன்பதில் இருந்து ஆறுக்கு வந்திருக்கிறது.

“ஏம்மா மெஷினு, உனக்கு வலிக்குமா?”

“எனக்கு வலிக்காதுங்கண்ணா. அதனாலதான் உங்களக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்.”

“அப்ப நீ குடுத்து வெச்சவ.”

“உங்க நல்ல கை என்ன சொல்லுது? சூடு அதிகமா?”

“அது இன்னாத்த சொல்லும், தப்பே பண்ணாம அதுவும் உள்ள கெடக்குது.”

“சாட்சியா கூட்டிட்டு வந்தோம், இன்னும் இருபத்தஞ்சு நிமிஷத்துல விட்டுடலாம்.”

மீன்பாடி

இது நல்லாருக்கு. ஜோக்க அவரு ஆரம்பிச்சாரு, மேகலை கூட நடந்துச்சு. கூட வந்தவங்க ரெண்டு பேரும் எங்க? அவங்களுக்கும் ஒரு வரி குடுங்க.

அலைவரிசை

அவர் சிரிக்கவில்லை என்றால்?

ஊசிநூல்

10க்குள் கேட்கும் அளவில் இரண்டு புள்ளி குறைந்தால் நோயாளிக்கே வித்தியாசம் தெரிகிற அளவு, ஆகவே ஒன்பதில் இருந்து ஆறு வந்தபின் பேச்சைத் தொடங்கியது சரி. எட்டில் நின்றிருந்தால் அந்த உரையாடல் நடக்கவே கூடாது, முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் வேலையை மேகலை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

சிரிக்கவில்லை என்றால் விளக்கம் சொல்லக் கூடாது, ‘சும்மா சொன்னேன்’ என்றும் சொல்லக் கூடாது, இரண்டாவது ஜோக் போட்டுச் சரிக்கட்டவும் கூடாது. “சரிங்கண்ணா. கையை வெளிய எடுங்க, தண்ணி மாத்தணும்” என்று வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். தண்ணீர் மாற்றியபின் வலி எண்ணை மட்டும் கேட்கட்டும்.